இரண்டாக வெட்டிய கடல்சாமந்தி

முதலாளி தூக்கிப் போடச் சொன்ன தொட்டி அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் உரிமை கொண்டாட ஆள் வந்தபோது இந்த ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் வசதியாக மறந்துபோயிருந்தது.

என் வீட்டுக்காரர் பாலகுரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்பெனி முதலாளி சீனிவாசகம் ஒரு தடவை மெட்ராஸ் போனபோது யார் வீட்டிலோ கடல்மீன் தொட்டியைப் பார்த்திருக்கிறார். வந்த கையோடு சிவகாசி ஆபீசில் தானும் ஒன்று வைத்தார். கண்ணாடி, விளக்கு, மோட்டார், மீன், மீன் படுக்கக் கல் வரைக்கும் மெட்ராசிலிருந்து வந்து இறங்கியது. கொஞ்ச நாள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அப்புறம் சீசன் வந்தது, ஆர்டர் குவிந்தது, தொட்டியைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. மீன் எல்லாம் செத்து மிதந்தது. நாற்றம் தாங்காமல், "பாலகுரு, இதை எங்கனயாவது கொண்டுபோயித் தட்டிரு" என்றார்.

இவர் தட்டவில்லை. கண்ணாடி நல்ல கனமாக இருக்கிறதே என்று லோடு ஆட்டோவில் ஏற்றி ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அரிசி கொட்டி வைக்கலாம் என்று நினைத்தாராம். கண்ணாடித் தொட்டியில் அரிசி கொட்டி வைக்கிற யோசனை இவரைத் தவிர யாருக்கு வரும்?

கழுவலாம் என்று நான் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். அடியில் கிடந்த கல்லில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தோண்டித் தின்றுவிட்டுப் போட்ட நுங்கு மாதிரி சுருங்கிக் கிடந்தது. சுண்டுவிரலால் தொட்டேன். விரலை லேசாகப் பிடித்துக்கொண்டது. இந்த நாற்றத்தில் எல்லாம் செத்துப்போன பிறகும் இது ஒன்று மட்டும் உயிரை விடாமல் இருந்திருக்கிறது. அரிசியாவது ஒன்றாவது, தொட்டி இதற்குத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சிவகாசியில் மீன்கடை வைத்திருக்கும் செய்யது அபுதாஹிர் பாயிடம் போய் விவரம் கேட்டேன். அவர் விற்பது தங்கமீனும் கப்பி மீனும்தான் என்றாலும் கடல்மீன் பற்றிப் படிப்பதில் பைத்தியம்.

"இது அனிமோன்மா. கடல்சாமந்தின்னு சொல்லுவாக. பாக்கத்தான் பூ மாதிரி இருக்கும், உசுரு உள்ளது. வாய் இருக்கு, வயிறு இருக்கு, இரை போட்டா திங்கும். நல்ல கடத்தண்ணியும் வெளிச்சமும் குடுத்தா தேறிரும். ஆனா நம்ம ஊரு வெக்கைக்குத் தாங்கணுமே" என்றார்.

எங்கள் ஊர் வெக்கையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டேபிள் ஃபேனைத் தொட்டித் தண்ணீருக்கு நேராகத் திருப்பி வைத்தேன். பாட்டிலில் ஐஸ் உறைய வைத்து மிதக்கவிட்டேன். என் சித்தப்பா மகன் தங்கச்சாமி தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரி ஓட்டுகிறவன். வரும்போதெல்லாம் கேனில் கடல்தண்ணீர் பிடித்துவந்து போட்டான். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், அப்போதெல்லாம் மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். வீட்டில் உட்கார்ந்து வெடிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதுதான் என் வேலை. ஒரு கை லேபிள், ஒரு கை மக். "பெத்த பிள்ளைக்குக்கூட இம்புட்டுச் செய்ய மாட்டாக" என்று பக்கத்து வீட்டு மாடத்தி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள். போகட்டும் என்று விட்டேன்.

வெள்ளையாகக் கிடந்தது மெல்லப் பழுப்பேறியது. அப்புறம் பச்சை கலந்தது. கை கையாக நீண்டு, ஒவ்வொரு கையின் நுனியிலும் ரோஸ் நிறத்தில் சின்ன மொட்டு கட்டியது. வருடம் திரும்புவதற்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து நின்றது. நான் பாயிடம் சொல்லிவைத்து, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கி விட்டேன். இரண்டும் சாமந்திக்குள் போய்ப் புரண்டு விளையாடின. லேபிள் ஒட்டி ஒட்டிக் கழுத்து வலித்தால் நிமிர்ந்து அதைப் பார்ப்பேன். வலி போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மனசு லேசாகிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்ட சமயம் இவருக்குக் காய்ச்சல் வந்தது. பார்த்துவிட்டுப் போக முதலாளி வீட்டுக்கு வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார், குறை சொல்லக் கூடாது. உள்ளே நுழைந்தவர் காய்ச்சல்காரரை விட்டுவிட்டுத் தொட்டி முன்னால் நின்றுவிட்டார்.

"அடடே, பாலகுரு! இது நம்ம பூவா? எம்புட்டு அழகா ஆயிருச்சு!"

"ஆமா மொதலாளி" என்றார் இவர், போர்வைக்குள்ளிருந்து.

"தை கடைசியில புது ஆபீஸ் திறக்கேன்ல, அங்கன பெரிய தொட்டியாச் சொல்லிருக்கேன். இதை நடுவுல வச்சா ஜம்முனு இருக்கும். தொட்டியை நீயே வச்சுக்க, பூவை மட்டும் எடுத்துக்கிறேன்."

"ஆகட்டும் மொதலாளி."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தொட்டியை நீயே வச்சுக்கவாம், என்ன தாராளம்! அவர் கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் காய்ச்சல் என்றும் பார்க்கவில்லை.

"யாரைக் கேட்டு ஆகட்டும்னீக?"

"அவுக குடுத்தது புள்ள."

"அவுக எங்க குடுத்தாக? தட்டச் சொன்னாக. குப்பையில போட்டதை ஒருத்தி எடுத்து வளத்தா, வளந்தப்புறம் வந்து தூக்கிட்டுப் போவாகளாக்கும்?"

"மொதலாளிட்ட எப்படிப் புள்ள இல்லைன்னு சொல்றது?"

அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது. சொன்ன சொல்லை இனி அவரால் மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரிந்தது. சாமந்தி போகப்போகிறது. போனால் மீனும் தங்காது, தொட்டியில் வெறும் தண்ணீரும் கல்லும்தான் இருக்கும். மறுநாள் பாய் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அழக் கூடாது என்றுதான் போனேன், அழுதுவிட்டேன்.

பாய் தாடியைத் தடவினார். "ஒரு வழி இருக்கு தங்கச்சி. கம்ப்யூட்டர்ல படிச்சேன். வெளிநாட்டுல வீட்டுத் தொட்டியிலேயே இதை வெட்டி ரெண்டாக்குறாக."

"வெட்டினா சாகாதா பாய்?"

"நடுவுல வாய் இருக்குல்ல, சரியா அதுக்கு நடுவால வெட்டணும். ரெண்டு பாதிக்கும் வாயில கொஞ்சம் வரணும். வெட்டுன பக்கம் தன்னால சுருண்டு ஒட்டி, ரெண்டும் முழுசாயிருமாம். தண்ணி மட்டும் சுத்தமா இருக்கணும். ஆனா ஒண்ணு, இது நான் படிச்சதுதான். வெட்டிப் பாத்தவுக யாரும் நம்ம பக்கம் கிடையாது."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் வழி முழுக்க அதே யோசனை. ஒன்று இரண்டானால் ஒன்றை முதலாளிக்குக் கொடுத்துவிடலாம். இவர் வாக்கும் நிற்கும், என் சாமந்தியும் நிற்கும். ஆமத்தூர் நிறுத்தத்தில் இறங்கும்போது துணிந்துவிட்டேன். பெட்டிக்கடையில் புது ஷேவிங் பிளேடு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன்.

பிளேடைப் பார்த்ததும் இவருக்கு முகம் மாறிவிட்டது. காரணம் இருக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமுக்குள் இரும்பு நுழையக் கூடாது. இரும்பு உரசினால் பொறி, பொறி விழுந்தால் ரூமும் இல்லை ஆளும் இல்லை. கரண்டி, சல்லடை, கத்தி எல்லாம் அங்கே பித்தளையும் மரமும்தான். இத்தனை வருடம் அதைச் சொல்லிச் சொல்லி ஆள்களை மிரட்டியவருக்கு, வீட்டில் அரிவாள்மனை கீழே விழுந்தாலே தோள் தூக்கிப் போடும்.

"இரும்பையா வைக்கப் போற? நான் கம்பெனியில இருந்து பித்தளைக் கத்தி கொண்டாரேன்."

"தண்ணிக்குள்ள இருக்கிறது வெடிக்காதுங்க. உங்க பித்தளைக் கத்தி வாழைப்பழத்தை வெட்டுமா?"

கோமாளி மீன் இரண்டையும் பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றினேன். கல்லில் ஒட்டியிருந்த சாமந்தியின் அடிப்பாகத்தை நகம் படாமல் விரல் நுனியால் நெம்பி நெம்பி எடுக்கவே வெகுநேரம் ஆனது. கவிழ்த்த பிளாஸ்டிக் தட்டில் வாய் மேலே தெரியும்படி வைத்தேன். கை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு பயந்த பிள்ளை மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. மனசில் பத்திரகாளியை நினைத்துக்கொண்டு, வாய்க்கு நடுவில் பிளேடை வைத்து ஒரே இழுப்பு. நினைத்ததைவிட எளிதாக இரண்டாகப் பிரிந்தது. இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். ஊரையே வெடிக்க வைக்கிற போர்மேன்!

இரண்டு பாதியும் உடனே கல்லைப் பிடிக்கவில்லை. மோட்டார் இழுப்பில் போய்ச் சிக்கினால் அரைத்துவிடும், எதையாவது போட்டு மூட வேண்டும் என்றேன். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், கம்பெனி ஸ்டோரிலிருந்து புத்தம் புதுச் சல்லடை ஒன்று கொண்டுவந்தார். மருந்து சலிக்கிற பித்தளைச் சல்லடை, இன்னும் மருந்தே படாதது.

"இரும்புன்னா உப்புத்தண்ணியில துருப்பிடிச்சிரும். இது பிடிக்காது பாரு" என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவரைப் பாராட்டக்கூடச் செய்தேன், எங்கள் வீட்டில் அபூர்வமாக நடக்கிற விஷயம் அது. இரண்டு பாதியையும் கல்லில் வைத்து, சல்லடையைக் கவிழ்த்து மூடினோம்.

முதலில் எல்லாம் பாய் சொன்னபடியே நடந்தது. வெட்டிய விளிம்பு உள்ளே சுருண்டது. இரண்டும் கல்லைப் பிடித்தன. நான் மாடத்தியைக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அப்புறம்தான் ஏதோ கோளாறு என்று பட்டது. கையை நீட்டுவதே இல்லை. பிடித்த கல்லை இரண்டும் விட்டுவிட்டன. வாயிலிருந்து பழுப்பு நூல் மாதிரி வழிந்தது. ஒன்றின் கைகள் நுனியிலிருந்து கூழாகக் கரையத் தொடங்கின. கடல்தண்ணீரோடு வந்து தொட்டியில் ஊர்ந்துகொண்டிருந்த சங்கு நத்தைகூட மல்லாந்து கிடந்தது.

சல்லடையை வெளியே எடுத்துப் பார்த்தேன். விளிம்பு முழுக்கப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. புளி போட்டுத் தேய்க்காத பித்தளைப் பாத்திரத்தில் மோர் ஊற்றி வைத்தால் வருமே, அதே பச்சை. அதில் மோர் குடித்தால் மனிதனுக்கே ஆகாது என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஓடிப்போய்ப் பாய் கடைக்குப் போன் போட்டேன்.

"பித்தளையா போட்டீக? யா அல்லா! பித்தளையில பாதிக்கு மேல செம்புதானம்மா. மீனுக்குச் சீக்கு வந்தா மயில்துத்தம் கலந்த மருந்து ஊத்துவோம், அதுவும் செம்புதான், அந்தப் பாட்டில்லயே எழுதிருக்கும், சங்கு, நண்டு, சாமந்தி உள்ள தொட்டியில ஊத்தாதேன்னு. செம்பு அதுகளுக்கு விஷம். உடனே எடுத்துப் போடுங்க. தண்ணியை மாத்துங்க. கரி இருக்கு, தாறேன், மிச்ச விஷத்தை அது இழுத்துக்கிரும்."

நான் சல்லடையைக் கொண்டுபோய் இவர் முன்னால் போட்டேன். அது உருண்ட சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"துருப்பிடிக்காதுன்னீகளே. பாருங்க, நஞ்சைப் பிடிச்சு வச்சிருக்கு."

இவர் சல்லடையை எடுத்துப் பச்சையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "செம்பு. நீலக் கலர் வெடிக்குப் போடுறது" என்றார். சட்டையை மாட்டினார். நான் கோபத்தில் வெளியே போகிறார் என்று நினைத்தேன். வீட்டில் இருந்த அத்தனை காலிக் கேனையும் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கச்சாமியின் லாரியைப் பிடிக்க நடந்தார். மழைக்காலத்தில் சட்டென்று கடலுக்குப் போகிற ஆள் இல்லை இவர். ஆத்துத் தண்ணீரிலேயே கால் நனைக்க யோசிக்கிறவர்.

மறுநாள் மத்தியானம் லாரியிலிருந்து இறங்கினார். வேட்டி உப்பில் விறைத்து அட்டையாக நின்றது. துறைமுகத்துப் பக்கம் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததாம், அதனால் ஊரைத் தாண்டி நடந்து, கழுத்து ஆழத்தில் நின்று பிடித்தாராம். "அலை வந்து ரெண்டு தடவை கவுத்திருச்சு புள்ள, கேனை விடலையே" என்றார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

தண்ணீர் முழுக்க மாற்றினோம். பாய் கொடுத்த கரியைத் துணியில் கட்டி மோட்டார் வாயில் வைத்தோம். அப்படியும் ஒரு பாதி பிழைக்கவில்லை. கையில் எடுத்தபோது கஞ்சியாக ஒழுகியது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இன்னொரு பாதி இழுத்துக்கோ பறித்துக்கோ என்று கிடந்தது. மார்கழி பிறந்தபோது ஒரு கையை நீட்டியது. அடுத்த நாள் இன்னொன்று. வெட்டிய பக்கம் தெரியாமல் கூடிப்போய், சின்னதாக, வட்டமாக, நடுவில் ஒழுங்கான வாயோடு ஒரு முழுச் சாமந்தி ஆகிவிட்டது. இறால் துணுக்கை வைத்தேன், கவ்விக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் இவர் குளித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து சோப்போடு ஓடிவந்தார்.

சந்தோஷம் எல்லாம் சரி. ஆனால் கணக்குக்குப் பழைய இடத்திலேயே வந்து நின்றோம். இருப்பது ஒன்று. தை கடைசியில் அது போகும்.

"இதைக் குடுத்துருவோம் புள்ள. மெட்ராஸ்ல சொல்லி வேற ஒண்ணு வாங்கித் தாறேன்" என்றார் இவர்.

"வேற ஒண்ணு எனக்கு எதுக்கு? இதைத்தான் நான் வளத்தேன்."

பாயும் வேண்டாம் என்றார். "இப்பத்தான் தேறியிருக்கு, திரும்ப வெட்டினா தாங்குமோ தாங்காதோ."

நான் யோசித்துப் பார்த்தேன். வெட்டாமல் விட்டால் இது எனக்கு நிச்சயமாக இல்லை. வெட்டினால் இருந்தாலும் இருக்கும். செத்தால் முதலாளிக்கும் இல்லை, எனக்கும் இல்லை, இவர் வேலைக்கே உலை வந்தாலும் வரும். அப்படியும் மனசு கேட்கவில்லை. ஒரு மனுஷி எடுத்து வளர்த்ததைப் பேசாமல் தூக்கிக் கொடுப்பதா? போன தடவை அது செத்தது வெட்டினதால் இல்லை, வெட்டு சரியாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது. அந்த ஒரு தைரியத்தில் இரை வைத்து இன்னும் கொஞ்சம் தேற்றிக்கொண்டு, மார்கழி பாதியில் மறுபடி பிளேடு வாங்கினேன்.

இந்தத் தடவை இவர் சுவரைப் பார்க்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல வை. இன்னும் கொஞ்சம் அங்கிட்டு. ஆங், இப்ப" என்றார், திரி வெட்டுகிறவர்களுக்குச் சொல்கிற அதே குரலில்.

இழுத்தேன். சமமாக இரண்டு. மூடுவதற்கு அவரே சந்தையில் பிளாஸ்டிக் வடிகூடை இரண்டு வாங்கி வைத்திருந்தார். வாங்குவதற்கு முன்னால் கடைக்காரனிடம், "இதுல எங்கனயாவது கம்பி கிம்பி இருக்கா?" என்று கேட்டுத் தடவித் தடவிப் பார்த்தாராம். கடைக்காரன் சிரித்திருக்கிறான். தண்ணீரையும் தங்கச்சாமியை நம்பாமல் இன்னொரு தடவை அவரே போய்ப் பிடித்துவந்தார்.

நான் லேபிள் வேலையைத் தொட்டி முன்னாலேயே போட்டுக்கொண்டேன். பசை காய்கிற நேரத்தில் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். விளிம்பு சுருண்டது. கல்லைப் பிடித்தது. இந்தத் தடவை விடவில்லை. பொங்கலுக்கு நான் அடுப்பில் பொங்கிக்கொண்டிருக்கும்போது இவர் உள்ளேயிருந்து, "ஏ புள்ள, ரெண்டும் வாய் திறந்திருச்சு!" என்று கத்தினார். பால் பொங்கியதற்கு அந்த வருடம் எங்கள் வீட்டில் குலவை போட ஆள் இல்லை, இரண்டு பேரும் தொட்டி முன்னால் நின்றோம்.

தை முடியும்போது இரண்டும் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன. பச்சை உடம்பு, ரோஸ் நுனி. ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசம் இல்லை. கோமாளி மீன் இரண்டையும் நான் இன்னும் டப்பிலேயே வைத்திருந்தேன், பாகம் பிரிந்து முடிகிற வரைக்கும் அதுகள் எதிலும் பழக வேண்டாம் என்று.

முதலாளி திறப்புவிழாவுக்கு முந்தின நாள் கார் போட்டுக்கொண்டு வந்தார். புது ஆபீஸ் தொட்டிக்குத் தண்ணீர் எல்லாம் பாயே தயார் செய்து வைத்திருந்தார். முதலாளி குனிந்து பார்த்தார்.

"என்ன பாலகுரு, ரெண்டு இருக்கு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். வெட்டினதைச் சொன்னேன், செத்ததைச் சொன்னேன், மறுபடி வெட்டினதைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் கையைத் தட்டிச் சிரித்தார்.

"சபாஷ்! அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. தொட்டிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு வச்சிருவோம். டிரைவர், அந்த வாளியைக் கொண்டாப்பா."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் இவர் நடுவில் வந்து நின்றார். தொட்டிக்கும் முதலாளிக்கும் நடுவில். கை கட்டித்தான் நின்றார், குரலும் சன்னமாகத்தான் வந்தது.

"ரெண்டும் இல்லை மொதலாளி. நீங்க தந்தது ஒண்ணு, ஒண்ணை எடுத்துக்கோங்க. இன்னொண்ணு இவ உண்டாக்குனது. அது இங்கனதான் இருக்கும்."

டிரைவர் வாளியோடு வாசலிலேயே நின்றுவிட்டான். முதலாளி இவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இவர் வாயிலிருந்து வராத சொல் அது. என் புருஷனைப் பார்த்து அப்படி ஒரு பெருமை எனக்கு அதுவரைக்கும் வந்ததில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிப்பா. நியாயம்தான். அப்ப நான் தந்தது எது?"

"எதைக் காட்டுறீகளோ அதுதான் மொதலாளி" என்றேன் நான்.

"அப்படிச் சொன்னா எப்படிம்மா? பழசுன்னு ஒண்ணு இருக்கும்ல?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். எங்கே வெட்டினது, எது எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு தழும்பு இல்லை. கடைசியில் இடது பக்கத்ததைக் காட்டி, "இதுதான். எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு" என்றார்.

"ஆமா மொதலாளி. அதேதான்" என்றேன். இவர் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார்.

நானே கல்லோடு எடுத்து வாளியில் வைத்துக் கார் வரைக்கும் கொண்டுபோனேன். முதலாளி கார்க் கதவைப் பிடித்தபடி, "மதுரையில மக வீட்டுலயும் தொட்டி வைக்கணும்ங்கா. அடுத்து ஒண்ணு வெட்டித் தருவியாம்மா?" என்று கேட்டார்.

"இது அங்கன ஒரு வருசம் நல்லா இருக்கட்டும் மொதலாளி. நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு சிவகாசி ரோட்டில் ஏறியது. நான் உள்ளே வந்து டப்பிலிருந்த கோமாளி மீன் இரண்டையும் தொட்டியில் விட்டேன். பெரியது ஒரு சுற்றுச் சுற்றியது. கிட்டே போனது, பின்வாங்கியது, மறுபடி போய் ஒரு கையை லேசாக உரசியது. அப்புறம் முதுகைக் காட்டி உள்ளே புகுந்துகொண்டது. சின்னது பின்னாலேயே பாய்ந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஜெயித்தோம் என்று வாய்விட்டே சொன்னேன்.

இவர் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "உள்ளதைச் சொல்லு புள்ள. அவரு எடுத்துட்டுப் போனது பழசா, இது பழசா?"

எனக்கு அது தெரியவே தெரியாது. பிளேடு இறங்கிய நிமிடத்திலிருந்தே பழசு என்று ஒன்று இல்லை.

"இங்கன இருக்கிறது என்னோடது. அம்புட்டுத்தான்" என்றேன்.